கை பட்ட இடத்தைத் தேடுங்கள்: தேய்ந்த பொருள்களைப் படமெடுக்கத் தொடங்குவோருக்கு

அம்மாவின் உளி எங்கள் வீட்டுச் சாமி அலமாரிக்குக் கீழே, பழைய மைலோ டின்னுக்குள் கிடக்கிறது. 31 ஆண்டுகள் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய உளி. அதன் மரப்பிடியில் கட்டைவிரல் அழுந்தும் இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. ஒரு புளியங்கொட்டையை அதில் பதித்து வைக்கலாம், அந்த அளவு. பள்ளத்தின் உட்புறம் மட்டும் எண்ணெய் தேய்த்ததுபோல் வழவழப்பாக இருக்கும். மற்ற இடமெல்லாம் ரப்பர் பால் படிந்து, கறுத்து, சொரசொரவென்று இருக்கும். இரும்பு முனையில் பாதிதான் மீதம். விடியுமுன் சாணைக் கல்லில் தீட்டித் தீட்டியே அது கரைந்துபோனது. அந்தக் கல்லும் நடுவில் குழிந்து சிறு ஓடம்போல் ஆகிவிட்டது.

கலைப் புகைப்படம் என்று நான் நம்பிச் சொல்லக்கூடிய முதல் படம் இந்த உளியை எடுத்ததுதான். அதற்கு முன் ஐந்தாறு ஆண்டுகள் கேமரன் மலையின் தேயிலைச் சரிவு, பங்கோர் தீவின் அந்தி வானம் என்று எல்லோரும் எடுப்பதையே நானும் எடுத்துக்கொண்டிருந்தேன். நான் வாழ்வது மலேசியாவில், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் உள்ள சுங்கை சிப்புட்டில். தோட்டங்கள் சூழ வளர்ந்த ஊர் இது. 1877இல் மலாயாவுக்கு வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாக வளர்ந்து இன்றும் கோலகங்சாரில் நிற்கிறது. அதைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அந்த மரத்தின் வம்சத்தை மூன்று தலைமுறையாக வெட்டிய கைகளின் தடம் எங்கள் வீட்டுப் பின்கட்டுகளில் கிடக்கிறது. அதைப் படமாக்க விரும்பும் இளையவர்கள் எங்கே தொடங்குவது என்று என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வாரம் கேமராவைத் தொடாதீர்கள்

பழைய பொருள் வேறு, தேய்ந்த பொருள் வேறு. தொடங்குபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். துருப்பிடித்த தகரத்தைக் கண்டால் உடனே படமெடுக்கிறார்கள். துரு என்பது மழையும் காற்றும் செய்த வேலை. ஆள் இல்லாத இடத்திலும் அது நடக்கும். தேய்மானம் அப்படி வராது. ஒருவர் ஒரே பொருளை, ஒரே இடத்தில், ஒரே விதமாக ஆயிரம் முறை பிடித்தால்தான் அது வரும். துருவிலும் அழகு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தொடக்கத்திலேயே துருவுக்குப் பழகிவிட்ட கண் பிறகு தேய்மானத்தைப் பார்ப்பதில்லை. எத்தனையோ பேரிடம் இதைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே முதல் வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் போதும். உங்கள் வீட்டிலேயே தொடங்குங்கள். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, அதைப் பயன்படுத்துபவர் பிடிப்பதுபோல் பிடித்துப் பாருங்கள். விரல் தானாகப் போய் உட்காரும் இடம் எது? அங்கே நிறம் மாறியிருக்கிறதா, விளிம்பு மழுங்கியிருக்கிறதா? தோசைத் திருப்பியின் ஒரு மூலை மட்டும் சரிந்திருக்கும். அம்மியின் நடுவில் தண்ணீர் தேங்கும். காண்டாக்கம்பை எடுத்தால், வாளி தொங்கும் இரு முனைகளிலும் கீறல் இருக்க, தோள் தாங்கிய நடுப்பகுதி தேக்கு மேசைபோல் மின்னும். எவர்சில்வர் செம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் பாதி அழிந்திருக்கும். தையல் எந்திரத்தின் மிதிபலகை, மளிகைக்கடைப் பணப்பெட்டியின் மூடி, நிலைப்படி, சைக்கிள் கைப்பிடி என்று பட்டியல் தானே நீளும். பார்த்த பொருள், தேய்ந்த இடம், பயன்படுத்தியவர் ஆகிய மூன்றையும் குறித்து வையுங்கள். ஒரு வாரத்தில் இருபது பொருள் சேர்ந்தால் நல்ல தொடக்கம்.

கேட்டு எடுங்கள்

தோட்டம் தனியார் நிலம். பழைய லயத்து வீடுகள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) காலியாகக் கிடந்தாலும், பால் ஸ்டோர் பூட்டியே கிடந்தாலும், அலுவலகத்தில் அனுமதி கேட்காமல் உள்ளே போகக்கூடாது. செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, வெட்டும் நாளில் மரத்தடியில் நிற்பது உயிருக்கே ஆபத்து. குலை தலைக்கு மேலிருந்து விழும். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் விளக்கையோ மணியையோ எடுப்பதானால் முதலில் பூசாரியிடம் சொல்லுங்கள். மூலவரை எடுக்க வேண்டாம்.

உண்மையில் தோட்டத்துக்குள் தேடுவதைவிட ஊருக்குள் தேடினால் அதிகம் கிடைக்கும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது தோட்டத்தை விட்டு வந்தவர்கள் இன்று தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளில் இருக்கிறார்கள். முன்கூடத்தில் புதுச் சோபா இருக்கும். பின்பக்கம், சலவை எந்திரத்துக்கு அருகே, பால் வாளியும் கார்பைட் விளக்கும் கிடக்கும். அதை எப்படிக் கேட்பது?

கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள். முதல் நாள் பேசிவிட்டு வாருங்கள். எங்கள் ஊர், அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தனின் ஊர். பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்ட காலத்தில், 1960இல், தொழிலாளர்களே தோட்டங்களை வாங்குவதற்காக அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாக (வெள்ளி எங்கள் நாட்டுப் பணம்) கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கலாம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். "உங்கள் வீட்டில் யாராவது அந்தப் பத்து வெள்ளி கட்டினார்களா, பாட்டி?" என்று நான் கேட்டால் போதும். பேச்சு பெரட்டுக்கும் (காலை ஆள்கணக்கு) கிராணிக்கும் (தோட்டத்துக் கணக்கர்) போய், விடியற்காலைக் குளிருக்குப் போய், "அந்த விளக்கு இன்னும் இருக்கிறது, இரு" என்று அவர்களே எழுந்து உள்ளே போவார்கள். வரக்கோப்பி தந்தால் குடியுங்கள். பொருளை விலைக்குக் கேட்காதீர்கள். கேட்ட நொடியிலேயே நீங்கள் பழைய சாமான் வியாபாரி ஆகிவிடுவீர்கள்.

கழுவாதீர்கள்

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பெரியவர் ஒருவர் தம் மங்கு ஒன்றைப் படமெடுத்துவிட்டுத் தரச் சொல்லிக் கொடுத்தார். பால் மரத்தில் கட்டிவைக்கும் பீங்கான் மங்கு. உள்ளே நாள்தோறும் வழித்தெடுத்த பிறகு எஞ்சிய பால், மெல்லிய தோல் தோலாகப் படிந்திருந்தது. அடியில் ஏறக்குறைய கறுப்பு, மேலே வர வரத் தேன் நிறம், விளிம்பில் சுத்த வெள்ளை. வெளிப்புறத்தில், கம்பி வளையம் தாங்கிய இடத்தில் பளபளப்பு போய், சாம்பல் நிறக் கோடு ஒன்று சுற்றி ஓடியது. அழுக்கு என்று நினைத்து வெந்நீரில் ஊறவைத்து, நாரால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டேன். திருப்பிக் கொடுத்தபோது அவர் உள்ளே பார்த்துவிட்டு, "புதிதாக வாங்கினாயா, தம்பி?" என்றார். அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே அடையாளம் தெரியாமல்தான் கேட்டார். அந்தத் தோல் ஒவ்வொன்றும் அவர் மரத்தடிக்குப் போன ஒரு நாள். அதை நான் சாக்கடையில் ஊற்றியிருந்தேன்.

தூசியை மென்மையான தூரிகையால் தட்டலாம். அதற்கு மேல் எதையும் செய்ய வேண்டாம். இரும்புக்கு எண்ணெய் தடவுவது, மரத்துக்கு மெருகு ஏற்றுவது, எலுமிச்சை போட்டுப் பித்தளையைத் துலக்குவது எல்லாம் உரிமையாளரின் விருப்பம். அவர் நாளைக்குத் துலக்கப் போகிறார் என்றால், இன்றைக்கே படமெடுத்துவிடுங்கள்.

வெளிச்சம்

இந்த வேலையில் பாதிக்கு மேல் வெளிச்சம்தான். தேய்மானம் என்பது அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் ஆழமுள்ள விஷயம். நேர் எதிரிலிருந்து வெளிச்சம் விழுந்தால் அந்த ஆழம் காணாமல் போகும். கேமராவிலோ கைத்தொலைபேசியிலோ உள்ள பிளாஷ் விளக்கு அதைத்தான் செய்கிறது; அணைத்துவிடுங்கள். வெளிச்சம் பொருளின் மேற்பரப்பை உரசிக்கொண்டு பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு பள்ளத்தின் ஒரு கரை ஒளிரும், மறுகரை இருளும், ஆழம் கண்ணுக்குப் படும்.

ஒரு சிறு பயிற்சி. இரவில் அறையை இருட்டாக்கி, அம்மியை நடுவில் வைத்து, கைவிளக்கை முதலில் தலைக்கு மேல் பிடியுங்கள். பிறகு மெல்ல இறக்கி, அம்மியின் பரப்போடு ஏறக்குறையப் படுக்கவையுங்கள். விளக்கு சாயச் சாய, கல் கொத்திய குறிகள் ஓரங்களில் எழுந்துவரும். குழவி ஓடிய நடுப்பாதை மட்டும் வழவழவென்று கிடக்கும். அந்தப் பாதையின் வடிவத்தை அதுவரை நீங்கள் பார்த்தே இருக்கமாட்டீர்கள்.

பகலில் எனக்குப் பிடித்த இடம் சமையலறைப் பின்வாசல். கதவைப் பாதி சாத்தினால் வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வரும். வாசலுக்கு அருகே வைத்தால் நிழல் கனமாக விழும். உள்ளே தள்ளத் தள்ள ஒளி மங்கும், பின்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கலந்து நிழலின் கடுமையும் குறையும். ஓர் அடி நகர்த்தினாலே படம் மாறிவிடும். நிழல் பக்கம் மிகவும் இருண்டால் அங்கே ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துங்கள். இருள் போதவில்லை என்றால் அதே இடத்தில் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். செக் நாட்டுக் கலைஞர் யோசெப் சுடெக் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். தம் வேலைக்கூடத்துச் சன்னல் ஓரத்தில் கண்ணாடிக் குவளை, முட்டை, ரொட்டித் துண்டு இவற்றை வைத்தே ஆண்டுக்கணக்கில் படமெடுத்தார். ஒரு சன்னல் ஓர் ஆயுளுக்குப் போதும் என்பதற்கு அவர் சாட்சி.

வெளியில் எடுப்பதானால் நம் ஊர்ச் சூரியனின் போக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். விடிவது ஏழு மணிக்கு மேல்தான். ஆனால் விடிந்த பிறகு வெயில் விறுவிறுவென ஏறிவிடும். காலையில் ஏழே முக்காலிலிருந்து ஒன்பதரை வரை, மாலையில் ஐந்தரையிலிருந்து ஏழு வரை சாய்ந்த வெளிச்சம் கிடைக்கும். உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை, ஒன்றேகால் வாக்கில்தான் வருகிறது. தீபகற்ப மலேசியா 1982 புத்தாண்டில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதும் இதற்கு ஒரு காரணம். உச்சி வெயிலில் படமெடுக்கக்கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன். தரையில் கிடக்கும் பொருளுக்கு அது உதவாது, சரி. ஆனால் செங்குத்தாக நிற்கும் கதவுக்கும் பலகைச் சுவருக்கும் அந்த நேரத்தில்தான் வெளிச்சம் மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முதல் பாதியிலும் சூரியன் எங்கள் ஊருக்கு ஏறக்குறைய நேர் மேலே வருகிறது. லயத்துப் பலகைச் சுவரில் உரிந்த சுண்ணாம்பின் ஒவ்வொரு செதிலும் அந்த நாள்களில் தனி நிழல் போடும். பத்து நிமிடம்தான். முன்கூட்டியே போய் நில்லுங்கள்.

கருவி

இதில் நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. கைத்தொலைபேசி போதும். ஆனால் முக்காலி கட்டாயம், ஏனென்றால் மங்கிய பின்வாசல் வெளிச்சத்தில் கை நடுங்கும். திரையில் பொருளின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் குவியமும் ஒளி அளவும் பூட்டிக்கொள்ளும். பிறகு வெள்ளை மங்குக்கு ஒளியைச் சற்றுக் கூட்டுங்கள், கறுத்த இரும்புக்குக் குறையுங்கள். கருவி தன் போக்கில் விட்டால் இரண்டையும் சாம்பலாக்கிவிடும்.

தனிக் கேமரா இருந்தால் ஒளியுணர்வு (ஐஎஸ்ஓ) 100, லென்ஸ் துளை எஃப் 8 அல்லது எஃப் 11, பொத்தானை அழுத்திப் பத்து நொடி கழித்து ஷட்டர் திறக்கும்படி வையுங்கள். நெருக்கத்தில் எடுக்கும்போது கூர்மையாகத் தெரியும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். அதனால் கேமராவின் முகமும் தேய்ந்த பரப்பும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்படி வையுங்கள். எவர்சில்வர் எடுக்கும்போது கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையேல் செம்பின் வயிற்றில் உங்கள் சட்டைதான் தெரியும்.

நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிகா ஜெல் போட்டு, ஈரப்பதம் நாற்பதிலிருந்து ஐம்பது விழுக்காட்டுக்குள் இருக்கும்படி வைத்தால் காப்பாற்றலாம். குளிரூட்டிய காரிலிருந்து எடுத்த கேமராவைப் பையை விட்டு உடனே வெளியே எடுக்காதீர்கள். கால் மணி நேரம் பொறுங்கள், பனி படராது.

எங்கே வைத்து எடுப்பது

பொருளை அது கிடக்கும் இடத்திலேயே எடுப்பதா, தனியே எடுத்து வெறும் பின்னணியில் வைப்பதா? இரண்டுக்கும் பெரிய முன்னோடிகள் உண்டு. அமெரிக்கரான எட்வர்ட் வெஸ்டன் 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார். புனலின் வளைவு ஒளியைச் சுற்றிச் சுழற்றியது, மிளகாய் மனித உடல்போல் முறுக்கேறி நின்றது. வாக்கர் எவன்ஸ் 1955இல் பார்ச்சூன் இதழுக்காகக் குறடு, கொத்துக்கரண்டி போன்ற மலிவான கைக்கருவிகளை வெறும் பின்னணியில், சிலைகளை எடுப்பதுபோல் எடுத்தார். இர்விங் பென் 1972இல் தெருவில் பொறுக்கிய சிகரெட் துண்டுகளைப் பெரிய பிளாட்டினம் அச்சுகளாக்கினார். 1975இல் அவை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தொங்கின. மிதித்து எறிந்த துண்டுகள் இடிந்த கோபுரத் தூண்கள்போல் நின்றன.

என் வழக்கம் இது. முதலில் பொருளை அதன் இடத்திலேயே, ஒன்றையும் நகர்த்தாமல் எடுப்பேன். ஆணியில் தொங்கும் உளியென்றால் ஆணி, அதற்குப் பின்னால் சுவரில் உளி ஆடி ஆடிப் போட்ட அரைவட்டக் கீறல், எல்லாம் வர வேண்டும். உளியை எடுத்துவிட்டால் அந்தக் கீறலுக்குப் பொருளில்லை. பிறகுதான் உரிமையாளர் அனுமதியோடு அதை இறக்கி, சாயம் போன சாக்குத் துணியின் மேலோ சிமெண்டுத் தரையிலோ வைத்துத் தனியே எடுப்பேன். பூப்போட்ட மேசைவிரிப்பு வேண்டாம், வெண்பட்டும் வேண்டாம். மூன்றாவதாக, தேய்ந்த இடம் மட்டும் படம் முழுவதும் நிறையும்படி ஒரு நெருக்கம். புதியவர்கள் பொருள் முழுவதும் தெரிய வேண்டும் என்று கவலைப்படுகிறார்கள். உளி உளிதான் என்று யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. கட்டைவிரல் பள்ளம் மட்டும் தெரிந்தாலும், பார்ப்பவரின் கட்டைவிரல் தானாக அசையும்.

நிறமா, கருப்பு வெள்ளையா

மரம், கல், தோல் ஆகியவற்றைக் கருப்பு வெள்ளையில் பாருங்கள். நிறம் விலகினால் பள்ளமும் மேடும் முன்னே வரும். ஜொகூர் அரண்மனை ஓவியரின் மகனான எரிக் பெரிஸ் பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்தபடியே கருப்பு வெள்ளையில் எடுத்த அமைதியான படங்களைத் தேடிப் பாருங்கள். சாம்பலுக்குள் எத்தனை படி உண்டு என்று தெரியும். பால் படிந்த மங்கையும், பல முறை வண்ணமடித்த கதவையும் நிறத்திலேயே விடுங்கள். நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே மஞ்சள் என்று அங்கே நிறம்தான் வரலாறு. கணினியில் கூர்மையை அதிகம் ஏற்றாதீர்கள். வழவழப்பான இடமும் சொரசொரப்பாகிவிடும், நீங்கள் காட்ட வந்த வேறுபாடே போய்விடும்.

அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்

திரையில் பார்த்துவிட்டு விடாதீர்கள். எட்டுக்குப் பத்து அங்குல அச்சுக்கு 2400க்கு 3000 புள்ளிகள் போதும். இன்றைய கைத்தொலைபேசி எல்லாம் அதைத் தாண்டும். மினுங்கும் தாளைவிட மங்கல் தாள் நல்லது. முதல் அச்சு பொருளுக்கு உரியவருக்கு. பின்பக்கத்தில் பென்சிலால் பொருளின் பெயர், தோட்டத்தின் பெயர், பயன்படுத்தியவர், ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். பெயரைத் தோட்டத்தில் சொன்னபடியே எழுதுங்கள். கிண்ணம் என்று எழுதாமல் மங்கு என்று, ரப்பர்க் கழிவு என்று எழுதாமல் ஒட்டுப்பால் என்று. அந்தச் சொற்களைத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

கொடுக்கும்போது உடனே திரும்பிவிடாமல் உட்காருங்கள். சென்ற தீபாவளிக்கு முன் ஒரு பாட்டிக்கு அவருடைய தோசைத் திருப்பியின் படத்தைக் கொண்டுபோனேன். அந்தத் திருப்பியின் விளிம்பு இரண்டு பக்கமும் சரிந்து, நடுவில் கூரைபோல் ஒரு முனை நின்றது. அழகான வடிவம் என்று மட்டும் நினைத்து எடுத்திருந்தேன். "அறுபது ஆண்டு உழைப்பு" என்று பின்னால் எழுதியும் வைத்திருந்தேன். அவர் படத்தைச் சன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். பிறகு அடுப்படிக்குப் போய்த் திருப்பியை எடுத்துவந்து, படத்தின் மேல் வைத்தார்.

"இந்தச் சரிவு என் மாமியாருடையது. அவருக்கு இடது கை. எனக்குக் கொடுக்கும்போதே இப்படித்தான் இருந்தது," என்றார். விரலை மறுபக்கத்துக்கு நகர்த்தினார். "இந்தப் பக்கம்தான் நான் தேய்த்தது."

பென்சிலை வாங்கி, நான் எழுதியிருந்ததை அழித்துவிட்டு, இரண்டு பெயர்களையும் எழுதினேன்.